முப்புரி கண்ட பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

தச்சர் பட்டறையில் மரத்தோடு மரத்தை ஒட்டுதற்குக் காய்ச்சும் வஜ்ஜிரத்தை நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். மாட்டின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றை நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால், அவற்றுள் மறைந்து கிடக்கும் நார்ப்பொருள் ஒன்று இளகிக் கரைந்து, ஆறியபின் பசையாக இறுகுகின்றது. அந்நார்ப்பொருளை மேனாட்டு நூலோர் கொல்லாஜன் என்பர். பசையைப் பிறப்பிப்பது என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொற்களினின்று வந்த பெயர் அது. நம் தோலுக்கு உரமும், எலும்புக்குக் கட்டும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கு வலியும் அளிப்பது இதுவே. பாலூட்டும் பிராணிகளின் உடலிலுள்ள புரதம் அனைத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தால், அதிற் காற்பங்குக்குக் குறையாமல் இஃதொன்றே இருக்கும்.

இத்துணை மலிந்த பொருளின் உள்ளமைப்பு யாதென்பதை 1954-ஆம் ஆண்டு வரையில் ஒருவரும் திருந்தக் கூறினாரல்லர். கூறத் துணிந்தோர் இருந்தனர். அவருட் பெரும்புகழ் படைத்தோரும் இருந்தனர். ஆயினும் அவர் கூறியவை நிலைபெறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துள் அடங்கிய ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியோர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர். குண்டுகளையும் கம்பிகளையும் கோத்து உருவம் சமைத்து அதன் வாயிலாக அவர்கள் கண்ட உண்மையே அக்கட்டுரையின் பொருள். அவ்விருவருள் மூத்தவரும், அப்பொழுது முப்பத்திரண்டு வயது நிரம்பாதவருமாகிய ஜி. என். இராமச்சந்திரன் அவர்களின் சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். பெயரின் முதலில் நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஊர். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிற் கணித ஆசிரியராக விளங்கியவர். மைந்தருக்குக் கணக்கில் உண்டான பற்றுக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் இவர் திருச்சிராப்பள்ளிப் புனித சூசையப்பர் கல்லூரியை அடைந்து பௌதிக சாஸ்திரத்தில் ஆனர்ஸ் வகுப்பிற் பயின்று, 1942-இல் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். இவரும் நம்மைப் போலவே ஒரு மிஷன் கல்லூரியின் மாணவர் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு ஓர் உறவு முறை தோன்றுகின்றது. அவ்வளவில் அதனை நிறுத்திக்கொண்டு மேற்செல்வோம்.

அவ்வாண்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் சேர்ந்தார். சேர்ந்தது பௌதிகப் பகுதியில் அன்று. மின்சாரப் பொறியியற் பகுதியில். அந்நாளில் அங்கே பௌதிகப் பகுதியின் தலைவராக இருந்தவர் சர். சி. வி. இராமன். மாணவரின் நுண்ணறிவைக் கண்ட இராமன், இவர் பொறியியலுக்கு வேண்டியதனினும் சற்று மிகையான கூர்மை உடையவர் என்று அப்பகுதியாரிடம் வேடிக்கையாகச் சொல்லித் தம்பால் ஈர்த்துக்கொண்டார் என்பது இவர் சரித்திரம் எழுதினோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இராமனிடம் இவர் ஒளியைப் பற்றியும் வைரத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். வைரத்தின் முகத்தில் எக்ஸ் கிரணங்களைப் படியச் செய்து அதன் உட்குறைகளைப் படம் எடுக்கும் முறையை 1944-இல் வெளியிட்டார். 1947-இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. அதன்பின் உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஊஸ்டர் என்னும் பளிங்கியலறிஞரிடம் ஈராண்டு பயின்று, 1949-இல் அங்கும் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அங்கிருந்த காலத்தில் லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞரைச் சந்திக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. அச்சந்திப்பைப் பற்றி மேலே கூறுதற்கு முன், பாலிங் அக்காலத்திற் செய்த ஒரு காரியத்தைக் கூறுதல் வேண்டும். அஃதின்றி இராமச்சந்திரனுடைய தொழில் விளங்காது.

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் சிற்றுறுப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலி. அச்சங்கிலி வெறுமனே தொங்கிக் கிடப்பதன்று. அங்கங்கே சுருண்டும் மடிந்தும் ஓர் ஒழுங்குபட்ட வடிவை அடைகின்றது. அவ்வடிவை எவ்வாறு அறிவது? எக்ஸ் கிரணங்களைச் செலுத்தினால் அவை சிதறிப் படத்தகட்டில் புள்ளிகளாக விழும். நல்ல பளிங்காயின் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். மயிர், பட்டு, தசைநாண் போன்ற நார்களாயின் தெளிவற்ற சில கறைகளே கிடைக்கும். அச்சில கறைகளிலிருந்து எண்ணிறந்த அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டுப் பெறுதல் இயலாத காரியம். ஆகையால் முறையைத் தலைகீழாக்கினர். முதலில் ஓர் உருவத்தைக் கையாற் சமைத்துக்கொள்வது. சமைத்த உருவம் இத்தகைய கறைகளைத் தருமா என்று பிறகு சோதிப்பது. உருவம் சமைத்தல் சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும். ஆயின், அதற்குள் ஓர் இரும்பு நியதி உண்டு. ஒரு செண்டிமீட்டரைப் பத்துக்கோடி கூறிட்டால் வரும் ஒரு கூறு ஆங்ஸ்ட்ராம் எனப்படும். கரியணு இரண்டு இணையும்போது அவற்றின் நடுவே 1.53 ஆங்ஸ்ட்ராம் இருத்தல் வேண்டும். கரியும் நைட்ரஜனும் புரதச் சங்கிலியின் இணைப்பிற் சேருமிடத்து 1.32 இருத்தல் வேண்டும். இவ்வளவுகளை ஒரே விகிதத்திற் பெருக்கிக் கம்பியை நறுக்கவேண்டும். குண்டுகளில் உரிய கோணம் பிசகாமல் துளையிடவேண்டும். துளை இரண்டு பாகை தவறினாலும், பத்து உறுப்புக்களைக் கோத்து முடிப்பதற்குள் சங்கிலி எங்கோ போய்விடும்.

பாலிங் 1948-இல் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது சளிநோயாற் படுக்கையிற் கிடந்தார். பொழுது போகவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து அதிற் புரதச் சங்கிலியை நீட்டி வரைந்தார். அமினோ அமிலங்கள் இணையுமிடத்திலுள்ள அணுக்கூட்டம் முறுக்குண்ணாது தட்டையாக நிற்கும் என்பது அவருக்கு இரசாயனத்தால் தெரியும். ஆகையால் அத்தட்டையான இடங்களை விட்டு, இடையிலுள்ள கரியணுக்களின் மேல் மட்டும் ஒன்றுக்கொன்று இணையாக மடிப்புக்களை இட்டார். காகிதம் சுருளாகச் சுற்றிக்கொண்டது. ஒரு சுற்றில் உள்ள நைட்ரஜன் அடுத்த சுற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் தொடும்படி வருமா என்று மடிப்பின் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார், வந்தது. ஒரு சுற்றுக்கு 3.6 உறுப்பு, சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். அவரும் கோரி என்பாரும் சேர்ந்து 1951-இல் விரிவாக வெளியிட்ட ஆல்பாச் சுருள் இதுவே. கேம்பிரிட்ஜிலோ, பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் என்னும் மூவர் இதே காலத்தில் பல சுருள்களை அமைத்துப் பார்த்தும் இதனைத் தவறவிட்டனர். அவர்கள் ஒரு சுற்றுக்கு முழு எண்ணாகவே உறுப்புக்கள் இருத்தல் வேண்டுமென்று கருதினர். தட்டையாக நிற்கவேண்டிய இடத்தை முறுக்கவும் இடங்கொடுத்தனர். யாமும் ஒரு காகித நாடாவை எடுத்து இவ்வாறு மடித்துப் பார்த்தோம். மூன்றாம் மடிப்பிலேயே விரல்கள் தடுமாறின என்பதை ஒளியாது சொல்லிவிடுகின்றோம்.

இனி நம் சரித்திரத்துக்கு மீள்வோம். 1952-இல் சென்னைச் சர்வகலாசாலை பௌதிகப் பகுதியை நிறுவ ஒரு தலைவரைத் தேடிற்று. அந்நாளில் துணைவேந்தராயிருந்தவர் டாக்டர் ஆ. இலக்ஷ்மணசாமி முதலியார். இராமனுடைய பரிந்துரையால் முப்பது வயதினராகிய இராமச்சந்திரன் அப்பதவிக்கு வந்தார். கிண்டியில் இடம், புதிதாக அமைக்கவேண்டிய கருவிகள், சில மாணவர். அவருள் முதன்மையானவர் கோபிநாத் கர்த்தா என்பார். (இவரே பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் உருவத்தை 1967-இற் கண்டறிந்த மூவருள் ஒருவராக விளங்கியவர்.) எதனை ஆராய்வது என்று இராமச்சந்திரன் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர் சென்னைக்கு வந்தார். கொல்லாஜனுக்கு அதுவரை கூறப்பட்ட அமைப்புக்களில் ஒன்றும் மனநிறைவு தருவதாயில்லை என்று அவர் சொல்லிச் சென்ற சொல் இவர் உள்ளத்திற் பதிந்தது. பாலிங்கும் கோரியும் 1951-இல் ஆல்பாச் சுருளோடு கொல்லாஜனுக்கும் ஓர் அமைப்பைக் கூறியிருந்தனர். அது தவறென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கொல்லாஜனுக்குச் சென்னை பொருத்தமான இடமே. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இலேயே ஏற்பட்டிருந்தது. தோலாவது பெரும்பாலும் கொல்லாஜனே அன்றோ? கங்காருவின் வால் தசைநாண் நல்ல படம் தருமென்று கேட்டு, அதனை ஆஸ்திரேலியாவிலிருந்தும் தருவித்தனர். படங்கள் கிடைத்தன, கறைகளின் அளவும் கிடைத்தன. அதனினும் பெரிய துப்பு இரசாயனத்திலிருந்து வந்தது. எவ்வகைக் கொல்லாஜனைப் பகுத்துப் பார்த்தாலும் அதன் உறுப்புக்களில் மூன்றில் ஒன்று கிளைஸீனாகவே இருந்தது. அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கிளை உண்டு. அக்கிளை சிலவற்றிற் பெரிது, சிலவற்றிற் சிறிது. கிளைஸீனுக்கோ கிளை என்று சொல்லத் தக்கது ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவே உண்டு. இந்த மூன்றில் ஒன்று என்னும் கணக்குப் பிறருக்கும் முன்பே தெரிந்ததுதான். அதனை உருவமாக மாற்றிப் பார்த்ததே இராமச்சந்திரனும் கர்த்தாவும் செய்த புதுமை.

அவர்கள் சிந்தித்த வகை இது. மூன்றில் ஒன்று கிளைஸீனாயின், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைஸீன் நிற்கின்றது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு மூன்று உறுப்பாகச் சங்கிலி சுற்றினால், கிளைஸீன்கள் யாவும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படும். இத்தகைய சங்கிலிகள் மூன்றை எடுத்து, கிளைஸீன் பக்கம் உள்ளே நோக்கும்படி நெருக்கி நிறுத்தினால், நடுவிலே கிளையின்மையால் இடம் உண்டாகும். ஹைட்ரஜன் பிணைப்புக்கள் ஒன்றையொன்று கட்டும். பெருங்கிளையுடைய மற்றவை வெளியே நோக்கி நிற்கும். கிளைஸீன் இருக்கவேண்டிய இடத்தில் வேறெதனை வைத்தாலும் மூன்றும் நெருங்கி நில்லா. இதுவே 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையின் உட்கிடை. மூன்றிலொன்று என்னும் எண் ஏன் வந்தது என்பதற்கு அதுவே முதல் விடை. அவ்விடை இன்றளவும் மாறவில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. சங்கிலி ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று உறுப்பு உடையதன்று, மூன்றும் மூன்றிலொரு பங்கும் உடையது என்று படங்கள் காட்டின. அங்ஙனமாயின் மூன்று உறுப்புக் கடந்தபின் கிளைஸீன் முன்னிருந்த திசைக்கு வராது. 36 பாகை பின்தங்கி நிற்கும். அடுத்த கிளைஸீன் 72 பாகை. சில சுற்றுக்களில் கிளைஸீன் வெளியே போய், பெருங்கிளை உள்ளே வந்து முட்டும். உருவம் குலைந்துவிடும். இதனைத் தீர்க்கும் வழி இராமச்சந்திரனுக்குச் சந்திரனிடமிருந்து கிடைத்தது என்பர். சந்திரன் பூமியைச் சுற்றிவருகின்றான், தன்னைத்தானும் சுற்றுகின்றான், இரண்டும் ஒத்த காலத்தில் நிகழ்வதால் எப்பொழுதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகின்றான். அவ்வாறே சங்கிலியும் தன்னளவிற் சுருளட்டும்; அத்தோடு மூன்று சங்கிலிகளும் பொதுவான ஓர் அச்சை மெல்லச் சுற்றட்டும்; பின்தங்கிய 36 பாகையை இப்பெருஞ்சுற்று ஈடுசெய்தால் கிளைஸீன் என்றும் உள்முகமாகவே நிற்கும்.

கயிறு திரிப்போரைப் பார்த்தவர்க்கு இது புதுமையன்று. புரியை ஒரு திசையில் முறுக்குவர். முறுக்கிய புரிகள் மூன்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவர். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தடுத்து நிற்பதால் கயிறு அவிழாது. சாதாரணத் திருகாணி சுற்றும் திசையை வலம்புரி என்று கொண்டால், கொல்லாஜனில் தனிச்சங்கிலி இடம்புரி. மூன்றும் சேர்ந்த பெருஞ்சுற்று வலம்புரி. நம் தசைநாண் ஒவ்வொன்றும் இத்தகைய முப்புரிக் கயிறுகளின் கட்டேயாம். இத்திருத்தத்தோடு கூடிய அமைப்பை இராமச்சந்திரனும் கர்த்தாவும் 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் இதழில் வெளியிட்டனர்.

இங்கேதான் வழக்கு எழுந்தது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 12-ஆம் நாள் இதழில், அலெக்ஸாந்தர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் கொல்லாஜனுக்கு ஓர் அமைப்பை வெளியிட்டனர். அதுவும் முப்புரி, அதுவும் முறுக்கிய முப்புரி. வேறுபாடு நுண்மையானது. சென்னை உருவத்தில் மூன்று உறுப்புக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. கேம்பிரிட்ஜ் உருவத்தில் ஒன்றே. இரண்டு பிணைப்பு வேண்டுமென்று இழுத்துக் கட்டியதால், சென்னை உருவத்தில் சில அணுக்கள் இயற்கை பொறுக்கத்தக்க எல்லையைக் கடந்து ஒன்றையொன்று நெருங்கிவிட்டன என்பது அவர்களுடைய ஆட்சேபம். இரட்டைச் சுருள் கண்ட கிரிக்கின் புகழ் அப்பொழுது உலகெங்கும் பரவிவிட்டது. அவர் வாயிலிருந்து வந்த ஆட்சேபத்துக்கு எடை அதிகம். முப்புரி என்னும் கருத்தையே அவர்களுடையதென்று கூறுவோரும் தோன்றினர்.

இவ்வழக்கில் எம் கருத்தைச் சொல்லாது செல்லுதல் முறையன்று. முந்தியது எது என்னும் வினாவுக்குப் பத்திரிகையின் தேதிகளே சாட்சி. மூன்று சங்கிலி, உள்முகமாக நிற்கும் கிளைஸீன், கயிறுபோன்ற முறுக்கு என்னும் மூன்றும் சென்னையிலிருந்தே முதலில் வந்தன. மேனாட்டு நூல்களிற் சில நெடுங்காலம் இதனை மறைத்தும் குறைத்தும் எழுதியது நேர்மையன்று. ஆனால் நம்மவரிற் சிலர் எழுதுவதுபோல் ஆட்சேபமே பொறாமையால் விளைந்தது என்பதும் நேர்மையன்று. அணுக்கள் மிக நெருங்கியிருந்தன என்பது வெறும் பழியன்று; இராமச்சந்திரனே அதனைக் குண்டும் கம்பியுமாக எடுத்து மீண்டும் அளந்து பார்க்கும் அளவுக்கு அதில் உண்மை இருந்தது. 1956-இல் இவர் மறுப்பும் எழுதினார். மறுப்போடு நின்றிருந்தால் இச்சரித்திரத்தில் பாதி இல்லாது போயிருக்கும்.

ஆட்சேபத்தை இவர் வினாவாக மாற்றினார். அணுக்கள் நெருங்கிவிட்டன என்கின்றனரே, எவ்வளவு நெருங்கலாம்? கரியும் கரியும் பிணைப்பின்றி எத்துணை அண்மையில் நிற்கக்கூடும்? கரியும் ஆக்ஸிஜனும்? ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும்? இதற்கு நூல்களிற் கண்ட பொதுவான அளவுகள் இருந்தன. அவற்றை யாவரும் ஆணையாகக் கொண்டனர். உண்மையிற் பளிங்குகளில் அணுக்கள் அவ்வாணைக்கு அடங்கி நிற்கின்றனவா என்று பார்த்தோர் அரியர். இராமச்சந்திரனும் மாணவர்களும், அதுவரை திருத்தமாக அளக்கப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் பளிங்கு அமைப்புக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவற்றில் அணுவுக்கும் அணுவுக்கும் இடையே காணப்பட்ட மிகக் குறைந்த தூரங்களைத் தொகுத்தனர். பல இடங்களில் அணுக்கள் வழக்கமாகச் சொல்லப்பட்ட எல்லையினும் நெருங்கியே நின்றன. ஆகவே இரண்டு எல்லைகளை வகுத்தனர். தாராளமாக நிற்கத்தக்கது ஒன்று. நெருக்கடியிற் பொறுக்கத்தக்கது மற்றொன்று. கரிக்கும் கரிக்கும் முதல் எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடை எல்லை 3.0. ஹைட்ரஜன் இரண்டுக்கு முதல் எல்லை 2.0, கடை எல்லை 1.9.

அளவுகோல் கிடைத்தது. இனி அதனைக் கொல்லாஜனுக்கு மட்டுமே வைத்துப் பார்ப்பானேன்? எப்புரதத்துக்கும் பொதுவாக வைத்தால் என்ன? தட்டையான சீட்டுக்களை முனையோடு முனை கோத்ததுபோன்றது புரதச் சங்கிலி என்று முன்னே கண்டோம். சீட்டு வளையாது. ஆகையால் அசைவெல்லாம் சீட்டுக்கள் கூடும் கரியணுவில்தான். அக்கரியணுவுக்கு இப்புறம் ஒரு திருகு, அப்புறம் ஒரு திருகு, இரண்டு கோணங்கள். அவற்றுக்கு ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக இட்டனர். ஒவ்வொரு கரியணுவிலும் இவ்விரண்டு கோணங்களும் தெரிந்தால் சங்கிலியின் வடிவம் முழுவதும் தெரிந்ததாகும். இனி ஒரு சதுரம் வரைந்து, கிடையாக ஃபையையும் நெடுக்காகச் சையையும் குறிப்போம். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இணைக் கோணம். அந்தப் புள்ளியில் நின்று, அணுக்களின் தூரங்களைக் கணக்கிட்டு, ஒன்றாவது எல்லை கடந்து நெருங்கினால் அவ்விடம் ஆகாது என்று தள்ளுவோம். நெருங்காவிடில் ஆகும் என்று கொள்வோம்.

மின்கணிப்பொறி எங்கும் பரவாத அந்நாளில் இக்கணக்குக்களை மேசைமேல் வைக்கும் கணக்குப் பொறியின் துணையாற் புள்ளி புள்ளியாகச் செய்தனர். இதிற் பாடுபட்ட மாணவர் வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர். ஆசிரியரும் மாணவருமாகிய மூவர் பெயரிலும் 1963-இல் 'மூலக்கூற்று உயிரியல்' பற்றிய ஆங்கிலப் பத்திரிகையில் ஐந்து பக்கக் கட்டுரை வெளிவந்தது. படத்தைக் கண்டோர் வியப்புற்றனர். சதுரத்திற் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. ஆகும் இடம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கடலிடையே தீவுகள்போலச் சில திட்டுக்கள். புரதம் எண்ணிறந்த வடிவங்களை எடுக்கலாம் என்று மயங்கியிருந்தவர்க்கு, அதன் கால்கள் எங்கெங்கே ஊன்ற இயலும் என்பதை அப்படம் காட்டிவிட்டது. பாலிங்கின் ஆல்பாச் சுருள் ஒரு திட்டிற் சென்று விழுந்தது. பட்டுப்போன்ற நீட்டிய தகடுகள் மற்றொரு திட்டில் விழுந்தன. கொல்லாஜனின் சங்கிலியும் அத்தகடுகளுக்கு அருகே இடம்பெற்றது. காகிதத்தை மடித்தும் கம்பியை வளைத்தும் தனித்தனியே கண்டவை யாவும் ஒரே படத்தில் அயலவராக வந்து அமர்ந்தன.

இப்படத்துக்கு இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்று பெயர். உயிரியல் இரசாயனம் கற்பிக்கும் பாடநூல்களில் இஃது இல்லாதது அரிது. அதனைக் கற்கும் நம் மாணவரிற் பலர், இது கிண்டியிற் பிறந்தது என்றும், ஒரு பழிச்சொல்லுக்கு விடையாகப் பிறந்தது என்றும் அறியாமலே தேர்வெழுதிச் செல்கின்றனர்.

பழைய வழக்கின் முடிவையும் சொல்லிவிடுவோம். இரண்டு பிணைப்பா ஒன்றா என்னும் வினாவை இராமச்சந்திரன் கைவிடவில்லை. 1968-இல் இவரும் ஆர். சந்திரசேகரன் என்பாரும், நேரான பிணைப்பு ஒன்று. மற்றொன்று இடையே நிற்கும் நீர் மூலக்கூறு வழியாக நிகழ்வது என்று கூறினர். கொல்லாஜன் போன்ற சிறு பெப்டைடு ஒன்றைப் பளிங்காக்கி, அணு அணுவாக அதன் உருவத்தை அமெரிக்காவில் ஹெலன் பெர்மன் முதலியோர் கண்டது 1994-இல். மூன்று உறுப்புக்கு நேரான பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. அவ்வளவில் ரிச்சும் கிரிக்கும் கூறியது சரி. ஆயின் சங்கிலிகளைச் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக நின்று பாலம் கட்டியிருந்தன. முப்புரியும், உள்முகக் கிளைஸீனும், முறுக்கும் சென்னையார் சொன்னவாறே இருந்தன. அப்பொழுது இராமச்சந்திரன் எழுபத்திரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

இவருடைய பிற்கால வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவோம். 1961-இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. 1963-இல் புரத அமைப்பைப் பற்றி ஒரு பெருங்கூட்டம் சென்னையில் நடந்தது. அதன் கட்டுரைகளை இவரே தொகுத்து நூலாக்கினார். 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் பெங்களூருக்குத் திரும்பி, தாம் மாணவராயிருந்த விஞ்ஞானக் கழகத்திலேயே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியைத் தோற்றுவித்தார். 1971-இல் லக்ஷ்மிநாராயணன் என்னும் மாணவரோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கிரண நிழல்களிலிருந்து பொருளின் உட்புறத்தை விரைவில் வரைந்து காட்டும் கணித வழியொன்றை வெளியிட்டார். வைத்தியசாலைகளில் உடலை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் பொறிக்கு இத்தகைய கணக்கே அடிப்படை. அப்பொறிக்காக 1979-இல் நோபெல் பரிசு பெற்றோர் வேறிருவர். இவருக்கு எதற்காகவும் அப்பரிசு வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1977-இல் இவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. சங்கீதத்தில் இவருக்கு ஈடுபாடு உண்டு. முதுமையில் இந்தியத் தருக்க நூல்களில் மனம் சென்று, சியாத் நியாயத்தைக் கணித முறையில் எழுதிப் பார்த்தார். அவ்வெழுத்துக்கள் புரதப் படம்போற் பரவவில்லை.

கடைசி ஆண்டுகள் கடினமானவை. பார்க்கின்சன் நோய் இவரைத் தளர்த்தியது, பக்கவாதமும் வந்தது. ஐம்பதாண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியார் இராஜலக்ஷ்மி அம்மையார் 1998-இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் உலகப் பளிங்கியலார் சங்கம் தன் உயர்ந்த பரிசாகிய ஈவால்டு பரிசை இவருக்கு அளித்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் இவர் காலமானார்.

புதிதாக ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டோர் அதனை வெளியிடுமுன் இராமச்சந்திரன் படத்தில் இட்டுச் சோதிப்பது இன்று எங்கும் வழக்கம். உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் திட்டுக்களில் திரண்டிருந்தால் உருவம் ஒப்புக்கொள்ளத் தக்கது. வெறும் இடத்தில் சிதறினால் எங்கோ பிழை உண்டென்று திரும்பிச் சென்று திருத்துவர். பலர் கிளைஸீனை மட்டும் புள்ளியாக இடாமல் முக்கோணமாக வேறு இடுவர். கிளையில்லாத காரணத்தால் பிறவற்றுக்கு ஆகாத இடங்களிலும் அஃது ஊன்றி நிற்கும். கொல்லாஜனின் நடுவே மூன்று சங்கிலிகளும் நெருங்க இடம் விட்டது அந்தக் கிளைஸீனே.